குண்டா கின்டேயிலிருந்து ஹிப்-ஹாப்புக்கு

'ஏழு தலைமுறைகள்' படித்தவர்களுக்கு குண்டா கின்டே யார் என்று சொல்ல வேண்டியதில்லை. முரசு செய்ய மரம் தேடிப் போன காம்பிய இளைஞன் பிடிபட்டு, கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியோடு கிடத்தப்பட்டு, 1767இல் அமெரிக்காவின் அனாபொலிஸ் துறைமுகத்தில் விற்கப்படுகிறான். திரும்பத் திரும்பத் தப்பி ஓடுகிறான். நான்காவது முறை பிடிபட்டபோது அவன் பாதத்தில் பாதியை வெட்டிவிடுகிறார்கள். அலெக்ஸ் ஹேலியின் இந்த நாவலைத் தமிழில் படித்துத்தான் இங்கே பலர் கறுப்பின வரலாற்றுக்குள் நுழைந்தார்கள். அங்கிருந்து மால்கம் எக்ஸ், மார்ட்டின் லூதர் கிங், கருஞ்சிறுத்தைகள் என்று வாசிப்பு நீளும். பாட்டு என்று வந்தால் பால் ராப்சன், பாப் மார்லி. ராப் பாட்டும் அதற்கான ரெக்கார்டு இசையும் நடனமும் சேர்ந்த ஹிப்-ஹாப் பக்கம் போகிறவர்கள் குறைவு. நமக்கு ராப் என்றால் சினிமாப் பாட்டின் நடுவே வேகமாக வந்து போகும் நாலு வரி. இல்லாவிட்டால் தங்கச் சங்கிலி, பெரிய கார், கெட்ட வார்த்தை.

இப்படிப்பட்ட ஒரு வாசகர், அமெரிக்க ராப் பாடகர் கென்ட்ரிக் லமார் 2015இல் வெளியிட்ட 'கிங் குண்டா'வைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பிலேயே அவருக்கு ஆள் தெரிந்துவிடும். பல்லவியில், எல்லோரும் தன் காலை வெட்டப் பார்க்கிறார்கள் என்று கென்ட்ரிக் சொல்லும்போது எந்தக் கால், எதற்காக வெட்டினார்கள் என்பதும் தெரிந்துவிடும். லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய காம்ப்டனில் ஏழ்மையில் வளர்ந்து பெரும் பணக்காரரான ஒரு பாடகர் தன்னை ராஜா என்றும் ஓடி ஓடிப் பிடிபட்ட அடிமை என்றும் ஒரே மூச்சில் அழைத்துக்கொள்கிறார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு ரசிகர் அந்தப் பெயரைச் சும்மா கடந்து போயிருக்கலாம். பாதி ஆங்கிலம் தெரிந்த நம் வாசகருக்கு அது பிடிபடுகிறது. அவர் கையில் இருக்கும் சாவி வேறு.

ஹிப்-ஹாப்புக்குப் பல வாசல்கள் உண்டு. நடனம் வழியாக வருவார்கள், நண்பர்கள் வழியாக வருவார்கள். வரலாறு வழியாக வருகிறவருக்கு ஒரு வசதி: பாட்டில் வரும் பெயர்களும் குரல்களும் அவருக்கு ஏற்கெனவே அறிமுகமானவை. கூடவே ஒரு ஆபத்தும் உண்டு. வரிகளில் மட்டும் வரலாற்றைத் தேடிக்கொண்டிருப்பார். முரசைக் கவனிக்காமல் விட்டுவிடுவார். இந்த இசையில் வரலாறு முதலில் வந்து சேர்ந்தது முரசு வழியாகத்தான்.

1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். முரசறைந்து ஆள் சேர்த்துக்கொண்டே நடந்தார்கள். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. மறு ஆண்டு வந்த சட்டம், அடிமைகள் முரசும் கொம்பும் வைத்திருப்பதைத் தடை செய்தது. அதே சட்டம் அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையும் குற்றமாக்கியது. முரசும் எழுத்தும் ஒரே சட்டத்தில் தடை! இரண்டையும் ஏன் ஒன்றாகப் பார்த்தார்கள் என்பது ஆட்சியில் இருந்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. இரண்டுமே தூரத்தில் இருப்பவனுக்குச் சேதி சொல்லும். முரசு போன இடத்தில் கைத்தட்டலும் தொடைத்தட்டலும் காலால் தரையை உதைப்பதும் வந்தன. தேவாலயத்துக்குள் அது பாட்டாயிற்று, பிரசங்கியின் குரலில் பேச்சும் பாட்டும் கலந்த ஏதோ ஒன்றாயிற்று. தெருமுனையில் ஒருவரையொருவர் எதுகை மோனையோடு வம்புக்கிழுக்கும் விளையாட்டாயிற்று. ராப் திடீரென்று 1970களில் முளைத்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் அது ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் முளைத்ததற்குக் காரணங்கள் உண்டு. அந்தக் காரணங்கள் இசைப் புத்தகங்களைவிட நகர நிர்வாக ஆவணங்களில்தான் அதிகம் இருக்கின்றன.

1910க்கும் 1970க்கும் இடையில் ஏறக்குறைய 60 லட்சம் கறுப்பின மக்கள் அமெரிக்கத் தென்மாநிலங்களை விட்டு வடக்குக்கும் மேற்குக்கும் போனார்கள். பருத்திக் காட்டின் கடனிலிருந்தும் கும்பல் கொலைகளிலிருந்தும் தப்பிய பயணம் அது. போன இடத்தில் வேறு விதமான வேலி காத்திருந்தது. 1930களில் அரசு நிறுவனம் ஒன்று நகரங்களுக்கு வரைபடம் போட்டு, கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளைச் சிவப்பால் குறித்தது. சிவப்புப் பகுதி என்றால் வீட்டுக்கடன் கிடைக்காது. கடன் இல்லையென்றால் வீட்டைப் பழுதுபார்க்கவும் வழியில்லை, விற்று வெளியேறவும் வழியில்லை.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிக்கு இன்னொரு அடியும் விழுந்தது. நகரத்தின் கட்டுமானங்களைப் பல பத்தாண்டுகள் தன் கையில் வைத்திருந்த ராபர்ட் மோசஸ், 1948இல் கிராஸ் பிராங்க்ஸ் விரைவுச் சாலை வேலையைத் தொடங்கினார். குடியிருப்புகளின் நடு வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாலை போனது. ஈஸ்ட் ட்ரெமாண்ட் என்ற இடத்தில் ஒரு மைல் தூரத்துக்காக மட்டும் சுமார் 1,500 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை யூதக் குடும்பங்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கறுப்பின மக்களைக் குறிவைத்து மட்டுமே அந்தச் சாலை போடப்பட்டது என்று சுருக்கிவிட்டால் வரலாறு தவறிவிடும். நடந்தது என்னவென்றால், வசதியுள்ள வெள்ளையர்கள் புறநகர்களுக்கு நகர்ந்தார்கள், தொழிற்சாலைகள் மூடப்பட்டன, மற்ற இடங்களிலிருந்து துரத்தப்பட்ட கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ குடும்பங்கள் தெற்கு பிராங்க்ஸில் குவிந்தன. வாடகை வராத கட்டடத்துக்குத் தீ வைத்துக் காப்பீட்டுப் பணம் வாங்குவது லாபம் என்று சில வீட்டு உரிமையாளர்கள் கண்டுகொண்டார்கள். 1975இல் நகரமே திவாலின் விளிம்புக்குப் போனபோது ஆசிரியர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 1977 அக்டோபரில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் தெற்கு பிராங்க்ஸின் சார்லட் தெருவுக்கு வந்து இடிபாடுகளுக்கு நடுவே நின்ற படம் உலகெங்கும் போயிற்று.

அந்தப் படம் உலகத்தின் கண்ணில் படுவதற்கு நாலு வருடம் முன்பே ஹிப்-ஹாப் பிறந்துவிட்டது. 1973 ஆகஸ்ட் 11 அன்று, 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் கட்டடத்தின் பொழுதுபோக்கு அறையில் சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஒரு பார்ட்டி வைத்தாள். பள்ளி திறக்கப் போகிறது, புதுத் துணி வாங்கக் காசு வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். ரெக்கார்டு போட்டது அவள் அண்ணன் கிளைவ், டிஜே கூல் ஹெர்க் என்று அறியப்பட்டவர். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து 1967இல் பிராங்க்ஸ் வந்தவர். 1965இல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மாறியபின் கரீபியத் தீவுகளிலிருந்து வந்த அலையில் ஒருவர். ஜமைக்காவில் தெருவில் பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கிப் பாட்டுப் போடும் வழக்கம் அவரோடு வந்தது.

ஹெர்க் ஒன்றைக் கவனித்தார். பாட்டில் மற்ற கருவிகள் எல்லாம் ஓய்ந்து ட்ரம்ஸ் மட்டும் தனியாக ஒலிக்கும் சில வினாடிகளில்தான் ஆடுகிறவர்கள் களத்தில் குதிக்கிறார்கள். அதற்குப் பெயர் பிரேக். ஒரே ரெக்கார்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, ஒன்றில் பிரேக் முடிந்ததும் மற்றொன்றில் தொடங்கி, சில வினாடிகளை நிமிடக்கணக்கில் நீட்டினார். பின்னர் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அதைக் கடிகார முள்ளின் துல்லியத்துக்குக் கொண்டுபோனார். மைக்கில் கூட்டத்தை உசுப்பிவிட்டுப் பேசியவர்கள் மெல்ல மெல்ல ராப் பாடகர்கள் ஆனார்கள். பூங்காக்களில் பார்ட்டி நடந்தால் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் இழுத்துக்கொள்வார்கள்.

வரலாற்று வாசகர் இங்கே கொஞ்சம் ஏமாறுவார். கொடி இல்லை, கோஷம் இல்லை. ஆனால் சுழன்ற ரெக்கார்டுகளைப் பாருங்கள். முதன்மையாக ஜேம்ஸ் பிரவுன். கிங் கொல்லப்பட்ட 1968இல், நான் கறுப்பன், அதில் எனக்குப் பெருமை என்று குழந்தைகளை வைத்துக் குரல் கொடுக்கச் செய்த அதே ஜேம்ஸ் பிரவுன். ஹெர்க்கின் பார்ட்டிக்கு வந்த பதின்ம வயதினர் அந்தக் காலத்தில் சின்னப் பிள்ளைகள். அண்ணன்களும் அப்பாக்களும் வாங்கிய ரெக்கார்டுகளின் ட்ரம்ஸைத்தான் அவர்கள் வெட்டி ஒட்டிக்கொண்டார்கள். அதோடு இன்னொன்று: 1971 டிசம்பரில் பிராங்க்ஸ் இளைஞர் கும்பல்கள் கூடிச் சண்டையை நிறுத்த ஒப்பந்தம் போட்டிருந்தன. கெட்டோ பிரதர்ஸ் என்ற கும்பலின் சமாதானத் தூதர் கொல்லப்பட்ட பிறகு, பழிக்குப் பழி என்று போகாமல் அவர்களே முன்னின்று செய்த வேலை அது. ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு ஆடப் போய் உயிரோடு திரும்பலாம் என்ற நிலை வந்த பிறகுதானே பார்ட்டி?

வரிகளில் அரசியல் பரவலாக வந்தது சற்றுப் பின்னால்தான். 1979இல் முதல் பெரிய ராப் ஹிட் பாட்டு முழுக்கக் கொண்டாட்டம். 1982இல் 'தி மெசேஜ்' வந்து உடைந்த கண்ணாடியையும் எலிகளையும் வேலையின்மையையும் பாடியது. அதில் பெரும் பகுதியைப் பாடிய மெல்லி மெல் முதலில் தயங்கினார், பார்ட்டிக்கு வருகிறவர்கள் இதைக் கேட்பார்களா என்று.

வரலாற்றுப் பிரியருக்கு விருந்து 1988க்குப் பிறகு. பப்ளிக் எனிமி குழுவின் 'பிரிங் த நாய்ஸ்' ஒரு மனிதக் குரலோடு தொடங்குகிறது. மிகக் கறுப்பு, மிகக் கடுமை என்ற பொருளில் இரண்டு துண்டுச் சொற்கள். குரல் மால்கம் எக்ஸுடையது. கேட்கிறவருக்கு அது பெருமிதக் கோஷமாகப் படும். 1963 நவம்பரில் மால்கம் டெட்ராய்ட்டில் பேசிய உரையைப் படித்தவருக்கோ அது காபியைப் பற்றிய பேச்சு என்று தெரியும். காபி மிகக் கறுப்பாக, மிகக் கடுமையாக இருந்தால் பாலாடையைக் கலந்து நீர்க்கச் செய்வீர்கள் அல்லவா, வாஷிங்டன் பேரணியையும் அப்படித்தான் நீர்க்கச் செய்துவிட்டார்கள் என்பது அவர் வாதம். கிங்கின் புகழ்பெற்ற உரை நிகழ்ந்த அதே பேரணிதான். ஆக, பாட்டின் முதல் சில வினாடிகளிலேயே கறுப்பின அரசியலின் இரண்டு போக்குகளுக்கு இடையிலான சண்டை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. பப்ளிக் எனிமி எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடுகிறது. இப்படிப் பழைய ஒலிப்பதிவிலிருந்து துண்டெடுத்துப் புதுப் பாட்டில் சேர்ப்பதற்குச் சாம்பிள் என்று பெயர். சாம்பிள் எடுப்பது சோம்பேறித்தனம், அடுத்தவர் இசையைத் திருடுவது என்று இன்னும் சிலர் சொல்வார்கள். இந்த ஒரு உதாரணத்துக்கு அவர்கள் என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

திருட்டு என்ற சொல் நீதிமன்றத்திலும் ஒலித்தது. 1991இல் பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகர் கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாட்டொன்றை அனுமதியில்லாமல் பயன்படுத்திய வழக்கில், திருடாதே என்ற விவிலியக் கட்டளையோடு நீதிபதி தீர்ப்பைத் தொடங்கினார். அதன்பின் ஒவ்வொரு சாம்பிளுக்கும் முன்கூட்டியே அனுமதியும் பணமும் தேவை என்றாயிற்று. பத்துப் பதினைந்து ரெக்கார்டுகளின் துண்டுகளை ஒரே பாட்டில் அடுக்கும் பப்ளிக் எனிமி பாணிக்குக் கட்டுப்படியாகாத செலவு. சரி, அந்தப் பணம் யாருக்குப் போகிறது? பதிப்புரிமை வைத்திருப்பவருக்கு. ட்ரம்ஸ் வாசித்தவருக்கு அல்ல.

ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி ட்ரம்மர்' பாட்டில் கிளைட் ஸ்டபில்ஃபீல்ட் வாசித்த சில வினாடிகள் நூற்றுக்கணக்கான ராப் பாட்டுகளில் இருக்கின்றன. பாட்டு அவர் பெயரில் பதிவாகவில்லை; அதனால் உரிமைத்தொகையும் அவரைத் தேடி வரவில்லை. இதைவிட வலிக்கும் கதை கிரெகரி கோல்மனுடையது. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழு ஒரு ரெக்கார்டின் பின்பக்கத்தை நிரப்ப 'ஆமென், பிரதர்' என்று ஒரு தேவாலய மெட்டைத் தழுவி வாசித்தது. நடுவில் கோல்மன் சுமார் 7 வினாடி தனியாக ட்ரம்ஸ் வாசித்தார். அந்த 7 வினாடியின் மேல் எண்ணற்ற ராப் பாட்டுகள் மட்டுமல்ல, பிரிட்டனின் ஜங்கிள் என்ற இசைவகையே எழுந்து நிற்கிறது. கோல்மன் 2006இல் வீடில்லாத மனிதராக இறந்தார். குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்காக 2015இல் ரசிகர்கள் இணையத்தில் 24,000 பவுண்டு திரட்டிக் கொடுத்தார்கள். கோல்மனுக்கு அதுவும் இல்லை. கறுப்பின இசைக்கலைஞர்களின் உழைப்பை அடுத்தவர் காசாக்கிய கதை ப்ளூஸ் காலத்திலிருந்து வருவதுதான். ஹிப்-ஹாப் அதை அம்பலப்படுத்தியது; தானும் அதில் ஒரு பங்கு வகித்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆட்களின் பிறப்பிலேயே வரலாறு பதிவாகியிருக்கும் இடங்களும் உண்டு. ராப் பாடகர் டூபாக் ஷகூரின் தாய் அஃபெனி ஷகூர் கருஞ்சிறுத்தைகள் கட்சிக்காரர். நியூயார்க்கில் வெடிகுண்டுச் சதி செய்ததாக 21 பேர் மீது போடப்பட்ட வழக்கில் 1969இல் கைதானார். கர்ப்பிணியாக நீதிமன்றத்தில் தனக்காகத் தானே வாதாடினார். 1971 மே மாதம் விடுதலை. ஜூன் மாதம் மகன் பிறந்தான். ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து எழுந்த பெரு நாட்டுத் தலைவர் டூபாக் அமாருவின் பெயரை வைத்தார். அதேபோல, சிகாகோவின் இளம் கருஞ்சிறுத்தைத் தலைவர் ஃப்ரெட் ஹாம்ப்டன் 1969 டிசம்பர் 4 விடியற்காலையில் படுக்கையிலேயே போலீசால் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 21. அன்றுதான் ப்ரூக்ளினில் ராப் பாடகர் ஜே-ஸி பிறந்தார். தற்செயல்தான், ஆனால் 2011இல் கான்யே வெஸ்ட்டோடு சேர்ந்து பாடிய ஒரு பாட்டில் அவரே இதைச் சொல்லிக்கொள்கிறார். ஹாம்ப்டன் யார் என்று தெரியாதவருக்கு அந்த வரி ஒரு பெயர், அவ்வளவே.

பாடமாகவே எழுதப்பட்ட பாட்டுகளும் வந்தன. கேஆர்எஸ்-ஒன் 1989இல் 'யூ மஸ்ட் லேர்ன்' பாட்டில், பள்ளிக்கூடத்தில் சொல்லித்தராத கறுப்பினக் கண்டுபிடிப்பாளர்களை வரிசையாக அடுக்கினார். நல்ல பாட்டு, நல்ல கோபம். ஆனால் அதை நம்பித் தேர்வு எழுதக்கூடாது. பெஞ்சமின் பானக்கர் பஞ்சாங்கத்தைக் கண்டுபிடித்தார் என்கிறது பாட்டு; அவர் 1790களில் பஞ்சாங்கங்களைக் கணித்து வெளியிட்டார், கண்டுபிடிக்கவில்லை. மேடம் சி.ஜே. வாக்கர் முடியை நேராக்கும் சூட்டுச் சீப்பைக் கண்டுபிடிக்கவில்லை, அது அவருக்கு முன்பே இருந்தது. அவர் கட்டியெழுப்பியது பெரிய அழகுசாதன வணிகம். கிரான்வில் வுட்ஸ் செய்தது வாக்கி-டாக்கி இல்லை. ஓடும் ரயிலுக்கும் நிலையத்துக்கும் இடையே தந்தி அனுப்பும் முறை. எனக்கு இந்தப் பிழைகள் பாட்டைக் குறைத்துவிடவில்லை. ஆவணக்காப்பகத்துக்குள் விடப்படாதவர்கள் வாய்வழியாகக் கடத்தி வந்த வரலாறு இப்படித்தான் இருக்கும், கொஞ்சம் பெருக்கி, கொஞ்சம் மாற்றி. சொல்லப்போனால் ஹேலியின் வம்சக் கதையையும் ஆய்வாளர்கள் பல இடங்களில் கேள்வி கேட்டிருக்கிறார்கள்.

அதே 1989இல் பெண் ராப் பாடகர் குயீன் லத்தீஃபா 'லேடீஸ் ஃபர்ஸ்ட்' பாட்டின் காணொளியில் ஹாரியட் டப்மன், சோஜர்னர் ட்ரூத், ஏஞ்சலா டேவிஸ் ஆகிய கறுப்பினப் பெண் போராளிகளின் படங்களைக் காட்டி, தென்னாப்பிரிக்க வரைபடத்தின் மேல் காய் நகர்த்தினார். நிறவெறி ஆட்சி அப்போது உயிரோடு இருந்தது. ராப் வரலாறு எழுதுகிற ஆண்கள் இந்தப் பாட்டை ஒரு வரியில் தாண்டிப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இங்கேதான் வரலாற்று வழியாக வருகிறவர் ஒரு தவறான கோடு போடுவார். பப்ளிக் எனிமி, கேஆர்எஸ்-ஒன் நல்ல ராப், காம்ப்டனின் என்.டபிள்யூ.ஏ. கெட்ட ராப். ஆனால் கெட்ட ராப் என்று ஒதுக்கப்பட்ட பாட்டுகளின் பின்னாலும் தேதிகள் இருக்கின்றன. 1985இல் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் போதைப்பொருள் சோதனைக்கென்று வீட்டுச் சுவரை இடிக்கும் கவச வண்டியை இறக்கியது. அதே ஆண்டு டாடி டீ என்பவர் அந்த வண்டியைப் பற்றியே பாட்டுப் போட்டார். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 கிராம் கிராக் (புகைக்கும் வகைக் கொக்கைன்) விற்றவருக்குக் குறைந்தபட்சம் 5 ஆண்டு சிறை; பணக்காரர்கள் பயன்படுத்திய பொடி கொக்கைன் என்றால் அதே தண்டனைக்கு 500 கிராம் வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு என்.டபிள்யூ.ஏ.வின் 1988 ஆல்பத்தைக் கேளுங்கள். போலீசைத் திட்டிய ஒரு பாட்டுக்காக 1989இல் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் ரெக்கார்டு நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் ஓடும் ட்ரம்ஸ் கோல்மனுடைய அந்த 7 வினாடி, தேவாலய மெட்டிலிருந்து வந்தது. பெண்களைப் பற்றி அதே ஆல்பம் பேசுவது அருவருப்பானது என்பதற்கும் எந்த வரலாறும் சாக்கு ஆகாது.

கொண்டாட்டத்தையும் வரலாற்றையும் பிரிக்க முடியாது என்பதற்கு அண்மைய உதாரணம் கென்ட்ரிக்கின் 2024 பாட்டு 'நாட் லைக் அஸ்'. இன்னொரு ராப் பாடகரை வசைபாடும் பாட்டு. கல்யாண வீடுகளில் கூட ஆடினார்கள். மூன்றாம் சரணத்தில் திடீரென்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த காலமும் அட்லாண்டாவில் ரயில் பாதை போட்ட கதையும் வருகின்றன. 2025 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் மைதானத்தில் அந்தப் பாட்டுக்கு முன்னோட்டமாக 40 ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும் என்று சொன்னார். 1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன், விடுதலையான அடிமைகளுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை நிலம் ஒதுக்கி ஆணையிட்டார். ஏறக்குறைய 40,000 பேர் குடியேறினார்கள். அதே ஆண்டு ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அந்த நிலத்தைப் பழைய பண்ணை முதலாளிகளிடமே திருப்பிக் கொடுத்தார்.

நிலமும் வீடும் என்ற இந்தக் கணக்கு 1520 செட்ஜ்விக் அவென்யூவையும் விடவில்லை. கிராஸ் பிராங்க்ஸ் சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கட்டடத்தை 2007இல் நியூயார்க் மாநிலம் ஹிப்-ஹாப் பிறந்த இடமாக அங்கீகரித்தது. அந்தச் சமயத்தில்தான் உரிமையாளர் அதைக் குறைந்த வாடகைத் திட்டத்திலிருந்து விலக்கி விற்கப் பார்த்தார். வாடகை ஏறினால் குடியிருப்பவர்கள் காலி செய்ய வேண்டியதுதான். அவர்கள் சங்கம் அமைத்து எதிர்த்தார்கள், கூல் ஹெர்க்கும் கூட வந்து நின்றார். 2008இல் கட்டடம் கைமாறியது. புதிய முதலீட்டாளர்களிடம் பராமரிப்புச் சீரழிந்தது. பிறகு நகர நிர்வாகத்தின் உதவியோடு, வாடகையைக் கட்டுக்குள் வைக்கச் சம்மதித்த இன்னொரு நிறுவனம் எடுத்துப் பழுதுபார்த்தது. பிறந்த இடம் என்ற அங்கீகாரத்தால் மட்டும் வாடகையைத் தடுக்க முடியவில்லை. குடியிருந்தவர்களின் சங்கம்தான் அதற்குத் தேவைப்பட்டது.